நீல நிலாவும் புளியங்கொட்டையும்

ஆங்கில இலக்கணப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் மரபுத்தொடர்கள் என்று ஒரு பட்டியல் இருக்கும். தேர்வுக்கு முதல் நாள் இரவு அதை மந்திரம் போல் உருப்போடுவோம்; மறுநாள் விடைத்தாளில் இறக்கி வைத்துவிட்டு மறந்துவிடுவோம். நானும் அப்படித்தான் இருந்தேன். ஆனால் அந்தப் பட்டியலில் ஒரே ஒரு தொடர் மட்டும் எனக்கு மறக்கவில்லை. இனி மறக்கவும் செய்யாது. “ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்” என்பதே அது. அந்தத் தொடரால் எங்கள் ஆயாவின் வலக்கை மணிக்கட்டு முறிந்தது என்றால் நம்புவீர்களா?

ஆயா என்பது என் தந்தையைப் பெற்ற பாட்டி. காஞ்சிபுரம் பக்கத்தில் எங்கள் வீடுகளில் அப்படித்தான் அழைப்போம். பள்ளியில் மணியடிக்கும் ஆயாவை நினைத்துக்கொள்ள வேண்டாம்.

அது 2023-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம். நான் ஒன்பதாம் வகுப்பில் இருந்தேன். அந்த மாதம் முழுவதும் ஊரெங்கும் நிலாப் பேச்சுத்தான். 23-ஆம் தேதி மாலை 6 மணி 4 நிமிடத்துக்குச் சந்திரயான்-3 நிலவில் இறங்கியது. கே.கே. நகரில் எங்கள் வீட்டு வசதி வாரியக் குடியிருப்பில், தொலைக்காட்சி பழுதாகிக் கிடந்த இரண்டு வீட்டாரும் எங்கள் கூடத்தில் வந்து உட்கார்ந்திருந்தார்கள். திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர் என்று செய்தியில் சொன்னதும், “நம்ம ஊர்ப் பக்கம்தாண்டி!” என்று ஆயா கைதட்டினாள். விழுப்புரம் எங்கே, காஞ்சிபுரம் எங்கே! மகிழ்ச்சியில் தூரம் தெரிவதில்லை.

அடுத்த வாரம் செய்தித்தாள்களில் “நீல நிலா” என்று எழுதினார்கள். அந்த ஆகஸ்டு மாதத்தில் இரண்டு முழுநிலவு. முதலாவது மாதத் தொடக்கத்தில் வந்துவிட்டது. இரண்டாவது 31-ஆம் தேதி. ஒரே மாதத்தில் இரண்டாவதாக வரும் முழுநிலவுக்கு ஆங்கிலத்தில் அப்படி ஒரு பெயராம். 30-ஆம் தேதி இரவே நாங்கள் பாயும் தண்ணீர்ச் சொம்புமாக மொட்டை மாடிக்கு ஏறிவிட்டோம். அசோக் நகர்ப் பக்கமிருந்து, தண்ணீர்த் தொட்டிகளுக்கும் கேபிள் கம்பிகளுக்கும் நடுவே, நிலா எழுந்தது. நெய் தோசை போல் மஞ்சளாக இருந்தது. ஆயா நெடுநேரம் பார்த்துவிட்டு, “நீலம் எங்கடி?” என்றாள். என் தம்பி, “பேப்பர்ல பொய் எழுதிட்டாங்க” என்று தீர்ப்புக் கூறினான்.

அதே வாரத்தில்தான் எங்கள் ஆங்கில ஆசிரியை அருட்சகோதரி அவர்கள் இந்தத் தொடரை வகுப்பில் நடத்தினார்கள். கரும்பலகையில் ஒரு படிக்கட்டு வரைந்தார்கள். மேல் படியில் “ஆல்வேஸ்”. அடித்தரையில் “நெவர்”. இடையே “ஆஃபன்”, அதற்குக் கீழ் “நௌ அண்ட் தென்”, அதற்கும் கீழ் “ஒன்ஸ் இன் எ வைல்”, தரையைத் தொடுவதற்கு ஒரு படி முன்னால் “ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்”. “ஒவ்வொருவரும் ஒரு வாக்கியம் சொல்லுங்கள்” என்றார்கள். என் பக்கத்து இருக்கைத் தோழி, தன் தெருவுக்குத் தண்ணீர் லாரி நீல நிலாவுக்கு ஒரு முறைதான் வருகிறது என்று கூற, வகுப்பே சிரித்தது. நான் என் தம்பியின் குளியலைப் பற்றிச் சொன்னேன். சகோதரி, “குட்” என்றார்கள். அந்த ஒரு சொல்லால் என் தலை எவ்வளவு கனத்தது என்பதை அடுத்த சனிக்கிழமை வரை நான் அறியவில்லை.

ஆயாவுக்கு அப்போது சில நாள்களாகத் தலைசுற்றல். “கண்ணு இருட்டிக்கிட்டு வருது” என்பாள். கொஞ்ச நேரம் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். பிறகு, “ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல” என்று வேலையைப் பார்ப்பாள். சனிக்கிழமை மாலை அம்மா அவளை ஒரு மருத்துவ நிலையத்துக்கு அழைத்துப் போனாள். நானும் போனேன். அங்கே வழக்கமாக இருக்கும் டாக்டர் அன்று இல்லை. அவருக்குப் பதிலாக ஓர் இளம் பெண் டாக்டர் இருந்தார். வடநாட்டுக்காரர், தமிழ் அதிகம் தெரியாது. மொழிபெயர்த்து உதவும் நர்சம்மாவும் விடுமுறை. அம்மாவுக்கு ஆங்கிலம் புரியும், பேசக் கூச்சப்படுவாள். பிறகென்ன? பழைய சென்னைப் பட்டணத்தில் வெள்ளைக்கார வணிகருக்கும் நம்மவருக்கும் நடுவில் நின்று பேசிய துபாஷிகளைப் போல் நான் நிமிர்ந்து நின்றேன்.

“எத்தனை முறை இப்படி வருகிறது என்று கேள்” என்றார் டாக்டர்.

நான் கேட்டேன்.

ஆயா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “எப்பவாச்சும் வரும்மா… அப்பப்ப” என்றாள்.

படிக்கட்டு என் கண்முன் வந்தது. “எப்பவாச்சும்” என்பது எந்தப் படி? “அப்பப்ப” என்பது எந்தப் படி? நான் யோசிக்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஒரு நொடி யோசித்தேன். ஆனால் புதிதாகக் கற்ற தொடர் நாவின் நுனியில் நின்றது. “ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன், டாக்டர்!” என்றேன்.

டாக்டர் புன்னகை செய்தார். எந்தப் பள்ளியில் படிக்கிறாய் என்று விசாரித்தார். உட்கார்ந்தபடியே ஆயாவின் இரத்த அழுத்தத்தைப் பார்த்தார், சரியாக இருந்தது. சத்து மாத்திரை எழுதிக் கொடுத்து, அடிக்கடி வந்தால் மட்டும் மீண்டும் அழைத்து வரச் சொன்னார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒரு தரம் தலைசுற்றும் ஒரு கிழவிக்கு வேறு என்னதான் எழுதுவது? வீடு திரும்பும் வழியில் அம்மா எனக்குச் சிவன் பூங்கா அருகே சுண்டல் வாங்கித் தந்தாள். நன்றாக ஆங்கிலம் பேசியதற்காக.

பன்னிரண்டு நாள் கழிந்தது. விடியற்காலையில் குழாயில் தண்ணீர் வரும் சத்தம் கேட்டுப் படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்த ஆயா, நாலு அடி வைப்பதற்குள் விழுந்தாள். விழும்போது ஊன்றிய கை வளைந்துவிட்டது. அந்தக் குடம் உருண்ட ஓசையை எழுதிக் காட்ட எனக்குத் தெரியவில்லை.

பெரிய மருத்துவமனையில் மாவுக்கட்டுப் போட்டார்கள். ஆறு வாரம் அசைக்கக் கூடாது. அங்கே இருந்த வயதான டாக்டர் தமிழர். “பாட்டிம்மா, தலை எப்பல்லாம் சுத்துது?” என்றார். ஆயா பழையபடி, “எப்பவாச்சும்தான் சாமி” என்றாள். அவர் விடவில்லை. “அந்தக் கதை வேணாம். நேத்து சுத்துச்சா?” “இல்லை.” “முந்தாநாள்?” “வாசல் தெளிச்சுட்டு நிமிர்ந்தப்ப லேசா.” “அதுக்கு முன்னாடி?” ஆயா யோசித்தாள். செவ்வாய்க்கிழமை தண்ணீர் பிடிக்கையில். ஞாயிற்றுக்கிழமை தரையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துவிட்டு எழுந்தபோது. அதற்கு முந்திய வெள்ளிக்கிழமை கோயிலில் விழுந்து கும்பிட்டு எழுந்தபோது, அது கூட இரண்டு தரம். அவர் விரல் மடக்கிக்கொண்டே வந்தார். வாரத்துக்கு மூன்று, நான்கு முறை! நான் கட்டிலின் கால்மாட்டில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்குத் தலை சுற்றியது.

அவர் ஆயாவைப் படுக்க வைத்து ஒரு முறை, எழுந்து நிற்க வைத்து ஒரு முறை இரத்த அழுத்தம் பார்த்தார். நின்றதும் அது மளமளவென்று இறங்கியது. ஏற்கெனவே உண்டுவந்த இரத்த அழுத்த மாத்திரையின் வேகம், போதாததற்கு அவள் தண்ணீரே குடிக்காத பழக்கம், இரண்டும் சேர்ந்து வந்த வினை என்றார். மாத்திரையின் அளவைக் குறைத்தார். படுக்கையிலிருந்து எழும்போது ஒரு நிமிடம் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, பிறகு எழ வேண்டும் என்றார். அவ்வளவுதான் வைத்தியம். முதல் நாளே “வாரத்துக்கு மூன்று நான்கு முறை” என்று நான் சொல்லியிருந்தால், அந்த இளம் டாக்டரும் ஆயாவை எழுப்பி நிறுத்திப் பார்த்திருப்பாரோ என்னவோ!

வீட்டில் ஒருவரும் என்னைக் குற்றம் சொல்லவில்லை. நான் என்ன சொன்னேன் என்பதே அவர்களுக்குத் தெரியாது. அதுதான் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. திங்கட்கிழமை இடைவேளையில் சகோதரியிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், அழுதும்விட்டேன். சகோதரி கோபிக்கவில்லை, “பரவாயில்லை” என்றும் சொல்லவில்லை. “உன் அம்மாவிடம் இன்றைக்கே சொல். அப்புறம், அந்தத் தொடருக்கு உண்மையில் என்ன பொருள் என்று நூலகத்தில் தேடி, காலை வழிபாட்டுக் கூட்டத்தில் ஐந்து நிமிடம் பேசு” என்றார்கள். இரண்டில் அம்மாவிடம் சொன்னதுதான் கடினமாக இருந்தது. அம்மா சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “எனக்கும் புரிஞ்சுதுடி, நான் ஏன் திருத்தலை?” என்றாள். அதற்குமேல் இருவரும் அதைப் பேசவில்லை.

நிற்க. தேடிய கதைக்கு வருகிறேன்.

முதலில் தெரிந்துகொண்டது, நிலா நீலம் என்பது பழைய ஆங்கிலத்தில் நடக்கவே நடக்காத காரியத்துக்கு அடையாளம் என்பது. நாம் “காக்கை வெள்ளை” என்பதில்லையா, அப்படி! பத்தொன்பதாம் நூற்றாண்டில் அது “மிக அரிதாக” என்று இளகிவிட்டது. மாதத்தின் இரண்டாவது முழுநிலவு என்ற பொருள் அண்மையில் வந்தது. அதுவும் பிழையாக வந்தது! அமெரிக்காவில் விவசாயிகள் பஞ்சாங்கம் ஒன்றில், ஒரு பருவத்தில் மூன்றுக்குப் பதில் நான்கு முழுநிலவு வந்தால் அவற்றுள் மூன்றாவதை நீல நிலா என்றார்கள். 1946-இல் ஜேம்ஸ் ஹியூ புரூவெட் என்பவர் ஒரு வானியல் இதழில் அதைத் தவறாகப் புரிந்துகொண்டு, மாதத்தின் இரண்டாவது நிலவு என்று எழுதிவிட்டார். உலகம் அதையே பிடித்துக்கொண்டது. சொல்லைத் தவறாக எடுத்துச் சொன்னவள் நான் ஒருத்தி மட்டும் அல்ல என்று கொஞ்சம் ஆறுதல் அடைந்தேன்.

கணக்கையும் பார்த்தேன். ஒரு முழுநிலவிலிருந்து அடுத்த முழுநிலவுக்கு ஏறத்தாழ 29½ நாள். ஆகவே 19 ஆண்டுகளில் 228 மாதங்கள்; ஆனால் முழுநிலவுகளோ 235. மிஞ்சும் ஏழும் எங்கேயாவது ஒரு மாதத்தில் இரண்டாவதாக வந்துதான் தீர வேண்டும். சராசரியாக இரண்டேமுக்கால் ஆண்டுக்கு ஒரு முறை. ஆனால் சராசரியை நம்பிவிடாதீர்கள்! 2018-இல் ஜனவரியிலும் இரண்டு, மார்ச்சிலும் இரண்டு. நடுவே பிப்ரவரிக்கு ஒன்றுகூட இல்லை. “நீல நிலாவுக்கு ஒரு முறை வருகிறேன்” என்று சொன்ன உறவினர் அந்த ஆண்டு இரண்டு தரம் வந்து சோறு கேட்டிருக்கலாம்.

உண்மையாகவே நிலா நீலமாகத் தெரிந்த காலமும் உண்டு. 1883 ஆகஸ்டு 26, 27 தேதிகளில் இந்தோனேசியாவின் கிரக்கத்தோவா எரிமலை வெடித்தது. அதன் தூசி வானத்தில் உயர்ந்து உலகைச் சுற்றியபோது பல நாடுகளில் நிலா நீலமாகவும் பச்சையாகவும் காணப்பட்டது. காற்றில் மிதக்கும் துகள்கள் ஒரு குறிப்பிட்ட பருமனில், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவில் இருந்தால், அவை சிவப்பொளியைச் சிதறடித்துவிட்டு நீலத்தை மட்டும் விடுகின்றனவாம். இதைப் படித்தபோது எனக்கு உடல் சிலிர்த்தது. ஏனெனில் அடுத்த வரியில் நம் சென்னை இருந்தது. 1883 செப்டம்பரில் சென்னையில் சூரியனே பச்சையாகத் தெரிந்தது! கிறித்தவக் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியராக இருந்த சார்லஸ் மிக்கி ஸ்மித் அந்தப் பச்சைச் சூரியனின் ஒளியைக் கருவி கொண்டு பகுத்து ஆராய்ந்து எழுதினார். பின்னாளில் கொடைக்கானல் சூரிய ஆய்வுக்கூடத்தின் முதல் இயக்குநரானவரும் அவரே. ஊரே வாய்பிளந்து வானத்தைப் பார்த்தபோது, “எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம், எந்த நிறம்” என்று குறித்துக்கொண்ட மனிதர்! அந்த வரியைப் படிக்கையில் ஆயாவின் முன் விரல் மடக்கிய டாக்டர்தான் எனக்கு நினைவுக்கு வந்தார்.

பிறகு நம் தமிழுக்கு வந்தேன். எங்கள் வீட்டில் சித்தப்பா வந்தால் அம்மா, “ஆடிக்கு ஒரு தரம் அமாவாசைக்கு ஒரு தரம்தான் வர்றீங்க” என்று குறைப்படுவாள். யோசித்துப் பாருங்கள்! ஆடி ஆண்டுக்கு ஒன்று. அமாவாசை மாதம் தவறாமல் வருவது. இரண்டையும் கூட்டினால் ஆண்டுக்குப் பதின்மூன்று வருகை. எந்தச் சித்தப்பாவுக்கும் அது குறைவல்ல. அதிலும் 2023-இல் ஆடி மாதத்திலேயே இரண்டு அமாவாசை, ஜூலை 17-இலும் ஆகஸ்டு 16-இலும்! இப்படி இரண்டு அமாவாசை விழும் மாதத்தை நம் பெரியவர்கள் மல மாதம் என்று ஒதுக்குவார்கள். அவர்களது பஞ்சாங்கக் கணக்கும் நீல நிலாக் கணக்கும் ஒரே மிச்சத்தால் வந்தவையே. ஆனால் அம்மா கணக்குச் சொல்லவா அப்படிப் பேசினாள்? “நீங்கள் வராதது எங்களுக்கு வருத்தம்” என்பதைத்தான் அமாவாசையின் தலையில் ஏற்றிச் சொன்னாள்.

“அத்தி பூத்தாற்போல்” என்பதை ஆயாவிடமே கேட்டேன். மாவுக்கட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டு அவள் சிரித்தாள். “பூக்காத மரம் காய்க்குமாடி? எங்க கெணத்தங்கரை அத்தி வருசத்துக்கு எத்தனை தரம் காய்க்கும் தெரியுமா? அது பூக்குறது நம்ம கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான்” என்றாள். அறிவியல் ஆசிரியையும் அதையே சொன்னார். அத்திக்காய் என்று நாம் காண்பதன் உள்சுவரில்தான் நூற்றுக்கணக்கான சிறு பூக்கள் இருக்கின்றன. நுனியிலுள்ள நுண்ணிய துளை வழியே ஒரு குளவி நுழைந்து மகரந்தம் சேர்க்கிறது. ஆக, அத்தி அடிக்கடி பூக்கிறது. நாம்தான் அதைப் பார்ப்பதில்லை.

எங்கள் ஆயாவும் அப்படித்தானே என்று அப்போது எண்ணினேன்.

ஒரு நாள் அவளிடம் நேராகவே கேட்டேன். “வாரத்துக்கு நாலு தரம் சுத்துறதைப் போய் எப்பவாச்சும்னு ஏன் ஆயா சொன்னே?” அவள் உடனே பதில் சொல்லவில்லை. காஞ்சிபுரத்து அத்தி வரதர் கதையை ஆரம்பித்தாள். 1979-இல் என் தந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்த் தரிசித்தாளாம். நாற்பது வருடம் காத்திருந்து 2019-இல் அதே மகனின் தோளைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தில் நின்றாள். அது எனக்கே நினைவிருக்கிறது. “அதுகூட நாப்பது வருசத்துக்கு ஒருக்கான்னு கணக்கா வந்துடுதுடி” என்று முடித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, “தெனம் தெனம் சுத்துதுன்னு சொன்னா உங்கப்பன் வேலைக்கு லீவு போடணும். உங்கம்மா என்னை எந்திரிக்க விடமாட்டா. அப்புறம் நான் எதுக்கு இந்த வீட்டுல?” என்றாள்.

இதை எந்தப் படியில் வைத்து மொழிபெயர்ப்பது? சகோதரியின் படிக்கட்டில் அதற்கு இடமில்லை. “எப்பவாச்சும்” என்றபோது அவள் எத்தனை முறை என்று சொல்லவே இல்லை. என்னைப் பற்றிக் கவலைப்படாதீர்கள் என்று சொன்னாள். நான் அதையும் மொழிபெயர்க்கவில்லை, எண்ணிக்கையையும் கேட்கவில்லை. என் ஆங்கிலத்தைத்தான் டாக்டருக்குக் காட்டினேன். வழிபாட்டுக் கூட்டத்தில் கிரக்கத்தோவாவையும் பஞ்சாங்கத்தையும் பற்றிப் பேசினேன், கைதட்டல் கிடைத்தது. இந்தப் பகுதியைப் பேசத் தைரியம் வரவில்லை. அதனால்தான் இந்த மலரில் எழுதுகிறேன்.

வயதான டாக்டர், தலைசுற்றும் நாள்களைக் குறித்துக்கொண்டு வரச் சொல்லியிருந்தார். ஆயாவுக்கு எழுதத் தெரியாது, கையிலோ கட்டு. நான் பள்ளிக்குப் போன பிறகு யார் குறிப்பது? தினசரிக் காலண்டரில் கோடு போடச் சொன்னேன். இரண்டு நாளில் பென்சில் காணாமற்போயிற்று. கடைசியில் வழி கண்டவள் அவளே. ஒரு காலி ஹார்லிக்ஸ் பாட்டிலைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு, தலை சுற்றும் ஒவ்வொரு முறையும் ஒரு புளியங்கொட்டையைப் போட்டாள். ஞாயிறுதோறும் நான் பாட்டிலைக் கவிழ்த்து எண்ணி நோட்டில் எழுதுவேன். முதல் வாரம் நான்கு. மறு வாரம் நான்கு. மாத்திரை மாற்றியது பிடித்துக்கொண்ட பிறகு இரண்டு, ஒன்று. ஒரு வாரம் ஏழு இருந்தது. பதறிப்போய் விசாரித்தால், பல்லாங்குழிக்குக் கொட்டை போதாமல் தம்பி எடுத்து ஆடிவிட்டு எண்ணாமல் திரும்பப் போட்டிருக்கிறான்!

மாவுக்கட்டுப் பிரித்த பின் ஒருநாள், காய்ச்சலுக்காக ஆயாவைப் பழைய மருத்துவ நிலையத்துக்கே அழைத்துப் போக நேர்ந்தது. அதே இளம் டாக்டர் இருந்தார். இப்போது கொஞ்சம் தமிழ் பேசினார். ஆயாவின் மணிக்கட்டைப் பார்த்து, “என்ன ஆச்சு?” என்றார். நான் நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். நான் சொன்ன தொடரையும் சொன்னேன். அவர் என் முகத்தைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, “நானும் எத்தனை என்று திருப்பிக் கேட்டிருக்கணும்” என்றார். பிறகு, “இப்ப எத்தனை முறை?” என்று ஆயாவையே தமிழில் கேட்டார்.

ஆயா என்னைப் பார்த்தாள். நான் பையிலிருந்து பாட்டிலை எடுத்து மேசைமேல் கவிழ்த்தேன். ஒரு மாதத்துக்கு மூன்று கொட்டைகள். அவற்றில் ஒன்று, புளி கரைக்கும்போது கை தவறி விழுந்தது என்று ஆயா வாதாடினாள். டாக்டர் மூன்று என்றே எழுதிக்கொண்டார்.